பொய் மருந்தும் கலைநோக்கும்: ‘மூன்றாவது மனிதன்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கறோல் றீட் நெறியாள்கை செய்து 1949 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி தேர்ட் மேன்’, அதாவது ‘மூன்றாவது மனிதன்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரு சில அம்சங்களையே திரும்பத் திரும்பப் பேசி வந்துள்ளனர். அன்ரன் கராஸ் வாசித்த சிதர் இசை, றொபேட் கிறாஸ்கரின் சாய்வான ஒளிப்பதிவுக் கோணங்கள், இருண்ட வாயிலொன்றில் ஒளித்து நிற்கும் ஓர்சன் வெல்சின் முகத்தில் சட்டென விழும் வெளிச்சம், கழிவுநீர்ச் சுரங்கங்களினூடாக நிகழும் இறுதித் துரத்தல் ஆகியனவே அவை. இவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் முதற்பரிசை ஈட்டிய படம் அது. ஆயினும், கதையின் மையத்தில் இருப்பது ஒரு மருந்துக் குப்பி என்ற செய்தி இப்பாராட்டுரைகளின் ஆரவாரத்தில் அமிழ்ந்து போய்விட்டது. பென்சிலினுக்குப் பதிலாக வைரக் கடத்தலையோ உளவுச் செய்தியையோ வைத்திருந்தாலும் படம் இவ்வாறே அமைந்திருக்கும் என்பது போலவே பலரும் எழுதியுள்ளனர். அது தவறான நோக்கு. படத்தின் ஒழுக்கவியல் முழுவதும் மருந்து என்னும் பண்டத்தின் தனி இயல்பிலேயே தங்கியிருக்கிறது.

உரிமமற்ற மருந்தகங்கள் இணையத்தினூடாக உலகெங்கும் மருந்து விற்கும் இக்காலத்தில் இப்படம் மீள்பார்வைக்குரியதாகிறது. அத்தகைய மருந்துகளால் நோயாளருக்கு நேரக்கூடிய ஆபத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினா இன்று வைத்தியர்களையும் சட்ட அறிஞர்களையும் ஈர்த்து நிற்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு திரைப்படம் அவ்வினாவின் ஒரு பகுதியை இன்றைய அறிக்கைகள் பலவற்றினும் தெளிவாகக் கண்டிருந்தது. மற்றொரு பகுதியை அது காண மறுத்தது. இரண்டுமே ஆராயத்தக்கன.

முதலில் கதையை நினைவுகூர்தல் தகும். 1945 முதல் 1955 வரை வியன்னா நகரம் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு வல்லரசுகளின் ஆதிக்கத்தின் கீழ் இருந்தது. அந்நகருக்குத் தன் பழைய நண்பன் ஹரி லைமின் அழைப்பின் பேரில் ஹொலி மார்ட்டின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளன் வருகிறான். மலிவான துப்பாக்கிவீரர் கதைகளை எழுதிப் பிழைப்பவன் அவன். வந்த அன்றே நண்பனின் சவ அடக்கத்தைக் காண நேர்கிறது. பின்னரோ லைம் இறக்கவில்லை என்பதும், புதைக்கப்பட்டவன் லைமுக்குப் பென்சிலின் களவாடிக் கொடுத்த ஹார்பின் என்னும் வைத்தியசாலை ஊழியன் என்பதும் வெளிப்படுகின்றன. களவாடிய மருந்தை லைம் அப்படியே விற்றிருந்தால் அவன் வெறும் கறுப்புச் சந்தை வியாபாரி. அவன் அதை நீர்க்கச் செய்து விற்றான். அந்த ஒரு செயலே கதையின் அச்சு.

கிறகாம் கிறீன் பென்சிலினைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பூஞ்சைப் பொருளை ஒக்ஸ்போட்டில் புளோறி, செயின், ஹீற்லி முதலானோர் மருந்தாக்கினர். 1941இல் முதன்முதலாக அது நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டபோது, இருந்த அளவு போதாமையால் அவரது சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்த நேர்ந்தது. அத்துணை அரியது; அத்துணை ஆற்றல் வாய்ந்தது. போர் முடிந்த ஆண்டுகளில் அம்மருந்தின் பெயர் மக்களிடையே ஏறத்தாழ ஒரு மந்திரச் சொல்லாகவே வழங்கியது. அந்த நம்பிக்கையையே லைம் விற்றான். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று உரையாற்றிய பிளெமிங், போதிய அளவில் கொடுக்கப்படாத பென்சிலின் கிருமியைக் கொல்லாமல் அதற்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும் என எச்சரித்தார். ஆகவே நீர்க்கப்பட்ட மருந்து, பயனற்ற தண்ணீரைவிடத் தீயது. அதை உட்கொண்டவரை அது கைவிடுகிறது. அடுத்து நோயுறப் போகிறவருக்குரிய மருந்தையும் கெடுக்கிறது.

பிற பண்டங்களுக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உளது. சந்தைக்குச் செல்பவர் மீனின் செவுளை உயர்த்திப் பார்க்கிறார். அரிசியைக் கையிலள்ளி முகர்ந்து பார்க்கிறார். துணியை வெளிச்சத்திற் பிடித்து இழை எண்ணுகிறார். ஒரு வில்லையை வாங்குபவர் செய்யத்தக்கது யாது? அதன் நிறம், பொதி, பொறிக்கப்பட்ட எழுத்து என்பவற்றையே அவர் காண்கிறார். இவை மருந்தல்ல, மருந்தின் வேடம். உட்கொண்ட பின்னரும் அவரால் நிச்சயிக்க முடிவதில்லை. நோய் தணிந்தால் மருந்து நல்லது என்கிறார். தணியாவிடின் நோய் கடியது என்கிறார், அல்லது காலம் சரியில்லை என்கிறார். பொய் மருந்தால் நேர்ந்த மரணம் நோயால் நேர்ந்த மரணமாகவே பதிவு செய்யப்பட்டுவிடுகிறது. கொலையாளி தன் குற்றத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத கொலை அது. நோய் அவனுக்காக அதை மறைத்துக் கொடுக்கிறது.

இவ்வுண்மையைக் காட்சி வடிவில் தருவதற்கு றீட் இரண்டு இடங்களைத் தெரிந்தெடுத்தார். ஒன்று பிறாட்டர் பூங்காவிலுள்ள, 1897இல் எழுப்பப்பட்ட பேரிராட்டினம். மற்றையது ஒரு குழந்தைகள் வைத்தியசாலை.

இராட்டினத்தின் உச்சியில் லைம் தன் நண்பனுக்குக் கீழே காட்டுகிறான். ஆங்கே நடமாடுவோர் புள்ளிகளாகவே தோன்றுகின்றனர். அப்புள்ளிகளுள் ஒன்று அசைவற்றுப் போனால் வருந்துவாயா என்றும், நின்றுபோகும் ஒவ்வொரு புள்ளிக்கும் பெருந்தொகைப் பணம் கிடைக்குமாயின் எத்தனை புள்ளிகளை விட்டுவைப்பாய் என்றும் அவன் வினாவுகிறான். இக்காட்சி பெரிதும் புகழப்பட்டது. அதன் ஈற்றில் வெல்ஸ் தாமே சேர்த்துக்கொண்ட சுவிற்சர்லாந்து பற்றிய கிண்டலே பலர் நினைவில் நிற்கிறது. ஆனால் காட்சியின் ஆழம் உயரம் என்ற பௌதிக நிலையில் உள்ளது. லைம் இயல்பிலேயே இரக்கமற்றவன் என்று படம் சொல்லவில்லை. நண்பனைக் காணும்போது அவன் முகம் மலர்கிறது. இரக்கமின்மைக்கு அவனுக்கு ஓர் உயரம் தேவைப்படுகிறது. அவன் எந்தக் குழந்தைக்கும் தன் கையால் ஊசி ஏற்றவில்லை; அதைச் செய்தவர்கள் நல்லெண்ணம் கொண்ட வைத்தியர்களும் தாதியருமே.

வைத்தியசாலைக் காட்சி இதன் மறுதலை. மூளைக்காய்ச்சலுக்கு நீர்க்கப்பட்ட பென்சிலின் ஏற்றப்பட்ட குழந்தைகளின் கட்டில்களிடையே மேஜர் கலோவே மார்ட்டின்சை அழைத்துச் செல்கிறார். பார்வையாளருக்கு ஒரு குழந்தையின் முகமேனும் காட்டப்படுவதில்லை. கட்டில் விளிம்புகளும், குனிந்து நோக்குவோர் முகங்களுமே காட்டப்படுகின்றன. ஒரு தாதி கரடிப் பொம்மையொன்றை எடுத்துத் தலைகீழாகப் போடுகிறாள். அக்கட்டிலுக்குரியவர் இனி இல்லை என்பது அவ்வளவில் விளங்கிவிடுகிறது. அழுகையைப் பிழிந்தெடுப்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. நம் திரைப்படங்களில் இத்தகைய இடம் வாய்த்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. றீட் அதைத் தவிர்த்தார். உருக்குலைந்த குழந்தையைக் காட்டியிருந்தால் பார்வையாளர் தம் இரக்கத்தைத் தாமே மெச்சிக்கொண்டு எழுந்து போயிருப்பர்.

இக்காட்சி கதையில் எங்கே வருகிறது என்பதும் கவனத்திற்குரியது. கலோவே இதற்கு முன்னரே மார்ட்டின்சுக்குச் சான்றுகள் அனைத்தையும் காட்டிவிட்டார். நிழற்படங்கள், கைரேகைகள், ஆவணங்கள் யாவும் விளக்கு இயந்திரத்தினூடாகத் திரையில் வந்து போயின. இடையே தவறுதலாக ஒரு காண்டாமிருகத்தின் படமும் வந்து சிரிப்பூட்டிற்று. அச்சான்றுகள் மார்ட்டின்சின் அறிவை ஏற்கச் செய்தன. அவன் நண்பனைக் காட்டிக்கொடுக்க அவை போதவில்லை. பேரிராட்டினத்தில் லைமின் வாயாலேயே உண்மையைக் கேட்ட பின்னரும் அவன் தடுமாறுகிறான். கட்டில்களிடையே நடந்த பின்னரே அவன் முடிவெடுக்கிறான். ஆபத்தை அறிவதும் ஆபத்துக்குள்ளானவரை அறிவதும் ஒன்றல்ல என்பதைப் படம் கதையமைப்பினாலேயே நிறுவிவிடுகிறது.

இனி இன்றைய நிலையை நோக்கலாம். இணைய மருந்தகத்தின் முகப்பில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் புன்னகைக்கிறார். முகவரி ஒரு நாட்டினது. பணம் செல்வது வேறொரு நாட்டுக்கு. பொதி புறப்படுவது மூன்றாவது நாட்டிலிருந்து. லைமுக்கு ஓர் இராட்டினத்தில் ஏறவேண்டியிருந்தது. இன்றைய விற்பனையாளனுக்குக் கீழே புள்ளிகள்கூட இல்லை, கட்டளை எண்களே உள்ளன.

லைமின் செயலுக்கு மிக அண்மித்த நிகழ்வு 2012இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. புற்றுநோய்க்குரிய அவாஸ்ரின் என்னும் ஊசிமருந்தின் பெயரால் வைத்தியர்களுக்கு விற்கப்பட்ட குப்பிகளில் அம்மருந்து அறவே இல்லை என அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. அக்குப்பிகள் பல நாடுகளைச் சுற்றி வந்தவை. அவ்வணிகத்தோடு தொடர்புபட்ட, கனடாவைத் தளமாகக் கொண்ட ஓர் இணைய மருந்து நிறுவனம் 2018இல் நீதிமன்றில் குற்றத்தை ஏற்றுப் பெருந்தொகை செலுத்த நேர்ந்தது. இங்கும் ஊசி ஏற்றியவர்கள் உரிமம் பெற்ற வைத்தியர்களே. ஆனால் எல்லா நிகழ்வுகளும் இவ்வகையின அல்ல. 2024இல் நியூயோர்க்கில் தொடரப்பட்ட வழக்கொன்றில், மருந்தகம் போலத் தோற்றமளித்த இணையத்தளங்களினூடாக விற்கப்பட்ட வலிநிவாரண வில்லைகளில் பென்ரனில் என்னும் கடிய போதைப்பொருள் கலந்திருந்ததாகவும், வாங்கியோரிற் குறைந்தது ஒன்பது பேர் இறந்ததாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. பென்ரனில் 2 மில்லிகிராம் அளவிலேயே உயிர் கொல்லக்கூடியது. ஓர் உப்புப் பரல் சிலவற்றின் எடைக்கு மேல் அது இல்லை. லைம் மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்தான். இவர்கள் மருந்தை எடுத்துவிட்டு நஞ்சைச் சேர்த்தனர்.

இத்தகைய ஆபத்தின் அளவு யாது என்ற வினாவுக்கு வழமையாகச் சில எண்கள் விடையாகத் தரப்படுகின்றன. அவற்றைச் சற்று உற்றுநோக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நூறு ஆய்வுகளில் அடங்கிய ஏறத்தாழ 48,000 மாதிரிகளை ஆராய்ந்து, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மருந்துகளுள் 10.5 வீதம் தரங்குறைந்தவை அல்லது பொய்யானவை எனக் கண்டது. இது பயன்மிக்க ஆய்வு. ஆனால் இணையத்தில் வாங்கியவற்றைத் தனித்து அளந்ததன்று. அமெரிக்க மருந்தக வாரியங்களின் தேசியச் சங்கம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இணையத்தளங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ 95 வீதமானவை சட்டத்துக்கோ தொழில் நியமங்களுக்கோ அமையாதவை என்று கூறியது. இது தளங்களை எண்ணிய கணக்கு, வில்லைகளை எண்ணியதன்று. 2008 முதல் சர்வதேசப் பொலிஸ் நடத்திவரும் பாஞ்சியா நடவடிக்கையின் பேறு, கைப்பற்றப்பட்ட மருந்தின் அளவாகவும் மூடப்பட்ட தளங்களின் தொகையாகவும் வெளியிடப்படுகிறது. மாதிரி, தளம், பொதி ஆகிய மூன்றும் எண்ணப்பட்டுவிட்டன. நோயாளர் இன்னும் எண்ணப்படவில்லை. இராட்டினத்தின் உச்சியிலிருந்து பார்ப்பவர் கொடியவராயினும் நல்லவராயினும் புள்ளிகளே தெரியும் என்பதை இவ்வெண்கள் காட்டி நிற்கின்றன.

எண்ணுவது எளிதன்று என்பது உண்மை. மேலே கூறியவாறு, பொய் மருந்தின் பலிகள் நோயின் பலிகளாகப் பதிவாகின்றனர். எனினும் ஆபத்தை ஆய்வுகூடத்தில் ஒரு வில்லையைக் கரைத்துப் பார்ப்பதோடு முடித்துக்கொள்வது போதாது. 2010இல் இதய ஆபத்துக் காரணமாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீளப்பெறப்பட்ட சிபுட்ரமைன், அதன் பின்னரும் மூலிகை மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட உடல்மெலிவு வில்லைகளிற் காணப்பட்டது. மூலிகை வீரிய மருந்து என நம்பி வாங்கியதில் சில்டெனாபில் ஒளிந்திருந்து, வாங்கியவர் இதயநோய்க்காக நைத்திரேற்று மருந்து உட்கொள்பவராயிருந்தால், அவரது குருதியமுக்கம் அபாயகரமாக வீழும். அதே வில்லை வேறொருவருக்குத் தீங்கு செய்யாது போகலாம். ஆபத்து இங்கு வில்லையிலும் இல்லை, மனிதரிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. அச்சந்திப்பை மேற்பார்வை செய்வதற்காகவே வைத்தியரும் மருந்தாளரும் ஏற்படுத்தப்பட்டனர்.

இன்னும் ஒரு படி மேலே சென்றால், பொய்யே இல்லாத ஆபத்தும் உண்டு. டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனம் முதலாம் உலகப் போர்க்காலத்தில் வெடிபொருள் செய்யப் பயன்பட்டது. 1930களில் உடல் மெலிவிக்கும் மருந்தாக விற்கப்பட்டுப் பின் 1938இல் அமெரிக்காவில் மனித உபயோகத்துக்கு ஒவ்வாததென ஒதுக்கப்பட்டது. அது இணையத்தில் மீண்டும் தோன்றிப் பிரித்தானியாவில் இளைஞர் சிலரின் உயிரைக் குடித்தது. அவ்வில்லைகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், மேலே எழுதப்பட்டதுதான் உள்ளே இருக்கிறது என்றே அறிக்கை வரும். உடலை உள்ளிருந்து வேகவைக்கும் அப்பொருளைத் தூய நிலையிலேயே விற்றனர். 2001இல் அமெரிக்காவில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் இறந்ததும் இத்தகையதே. அவன் இணையத்திற் பெற்ற வலிநிவாரணி போலியன்று. அவனை ஒருபோதும் நேரிற் காணாத வைத்தியர் ஒருவர் அதற்குச் சீட்டெழுதியிருந்தார். 2008இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட இணைய மருந்தகச் சட்டம் அவ்விளைஞனின் பெயரைத் தாங்கியுள்ளது. நீர்த்துப்போனது அங்கு மருந்தல்ல, வைத்தியம்.

இவ்விடத்தில் திரைப்படத்தின் குறைபாட்டையும் சொல்லியாக வேண்டும். லைமின் பென்சிலினை வாங்க வேண்டிய நிலைக்கு வியன்னாவின் வைத்தியர்கள் ஏன் தள்ளப்பட்டனர்? கிறீன் அமைத்த கதைப்பின்னணியிலேயே இதற்கு விடை உண்டு. பென்சிலின் ஆதிக்கப் படைகளின் வைத்தியசாலைகளுக்கே வழங்கப்பட்டது. ஊர்மக்களின் வைத்தியசாலைகள் அதைச் சட்டப்படி பெற வழியில்லை. கறுப்புச் சந்தையை உண்டாக்கியவன் லைம் அல்லன். மருந்தைப் பூட்டி வைத்த ஆதிக்கமே அதை உண்டாக்கியது. அவன் அதன் உள்ளே புகுந்து பொலிந்தான். குழந்தைகளின் கட்டில்களிடையே மார்ட்டின்சை அழைத்துச் செல்லும் மேஜர் கலோவேயோ அவ்வாதிக்கத்தின் சீருடை அணிந்தவர். அவர் நேர்மையானவர், களைப்புற்றவர், ட்ரெவர் ஹவார்டின் நடிப்பு அவரை மதிக்கச் செய்கிறது. எனினும், தம் படைக்கிடங்கில் இருந்த மருந்து அக்கட்டில்களுக்கு ஏன் வரவில்லை என்ற வினாவை அவரிடம் எவரும் கேட்பதில்லை. மார்ட்டின்ஸ் கேட்கவில்லை; படமும் கேட்கவில்லை. தீமை முழுவதையும் கவர்ச்சி மிக்க ஒரு தனிமனிதன்மேல் ஏற்றி, அவனைச் சுரங்கத்தினுள் சுட்டுவீழ்த்தியதும் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இதே மறதி இன்றைய சட்டவிரோத இணைய மருந்தகங்கள் பற்றிய பேச்சிலும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொபோஸ்புவிர் என்னும் ஈரலழற்சி மருந்தின் பன்னிரண்டு வார விலை 84,000 டொலர். அம்மருந்தே இந்தியாவில் உரிமம் பெற்று ஆக்கப்பட்டுச் சில நூறு டொலருக்கு விற்கப்பட்டது. எனவே அவுஸ்திரேலியா முதலான நாடுகளின் நோயாளர் கூட்டாகச் சேர்ந்து இணையவழி அதை வரவழைத்தனர். அவ்வாறு பெற்ற மருந்தை உட்கொண்டோரில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைந்ததாக அவுஸ்திரேலிய வைத்தியர் ஒருவரின் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு 2016இல் அறிவித்தது. எல்லைகளைக் கடந்து உரிய அங்கீகாரமின்றி வந்த மருந்தெல்லாம் பொய் மருந்து என்ற சமன்பாடு இங்கு உடைந்து போகிறது. சட்டவிரோதம் என்பது ஒன்று. தரங்குறைவு என்பது வேறொன்று. ஏமாற்று என்பது பிறிதொன்று. மருந்து நிறுவனங்களின் காப்புரிமை வழக்குகளையும் நோயாளரின் உயிர்ப் பாதுகாப்பையும் ஒரே சொல்லால் குறித்து வந்த குழப்பத்தை, உலக சுகாதார மாநாடு 2017இல் தரங்குறைந்தவை, பொய்யாக்கப்பட்டவை என்ற பிரிப்பினால் நீக்க முற்பட்டது. காலந்தாழ்த்தியாயினும் அது செம்மையான திருத்தமே.

வியப்பென்னவெனில், இவ்வேறுபாட்டைத் திரைப்படம் அறிந்தேயிருக்கிறது. அன்னா ஷ்மிற் என்னும் நடிகை, லைமின் காதலி, பொய்க் கடவுச்சீட்டினால் வியன்னாவில் வாழ்பவள். அதைச் செய்வித்துக் கொடுத்தவன் லைமே. அச்சீட்டு இல்லையேல் அவள் சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பாள். ஒரே கை செய்த இரு பொய்கள்: ஒன்று ஒருத்தியை வாழவைத்தது, மற்றையது குழந்தைகளைக் கொன்றது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் குற்றமே. கலோவேயின் மேசையில் இரண்டும் ஒன்றன்மேலொன்றாகவே கிடக்கின்றன. இந்த நுட்பத்தைக் கண்ட கலைஞர்கள், பென்சிலின் பங்கீடு பற்றிய வினாவை ஒரு வசனத்தாலேனும் எழுப்பாது விட்டமை வருந்தத்தக்கது.

தட்டுப்பாடே பொய் மருந்தின் விளைநிலம் என்பதற்கு இலங்கையரும் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகள் அத்தியாவசிய மருந்துகளின்றி வாடின. அடுத்த ஆண்டில், அவ்வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து பொய்யானது என்ற செய்தி வெளிவந்தது. அவ்விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதானார். அங்கு இணையமும் இல்லை, சுரங்கமும் இல்லை. முத்திரையும் கேள்விப்பத்திரமும் இருந்தன. பேராதனையின் மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக்க பிபிலே 1971இல் அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவ முன்னின்றபோது கருதியது விலைக்குறைப்பை மட்டுமன்று. செவுளை உயர்த்திப் பார்க்க முடியாத ஒரு பண்டத்தை மக்களின் சார்பில் பரிசோதித்து வாங்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை. அப்பொறுப்பு தளரும் இடத்திலேயே இணைய முகப்பின் வெள்ளை அங்கிக்காரர் நம்பத்தக்கவராகத் தோன்றத் தொடங்குகிறார்.

அவர் தோன்றும் விதத்தையும் படம் முன்னுணர்ந்திருந்தது. லைமின் கூட்டத்தில் டொக்டர் விங்கிள் என்னும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார்; லைமின் பொய் மரணத்துக்குச் சாட்சியாகிறார். வெள்ளை அங்கியின் உறுதியுரை இல்லாமல் இவ்வகைக் குற்றம் நடைபெறாது. லைமின் புன்னகையும் அத்தகையதே. பார்வையாளர் அவனை வெறுப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1951, 1952 ஆம் ஆண்டுகளில் வெல்சே நடித்து, ஹரி லைமின் சாகசங்களைச் சொல்லும் வானொலித் தொடரொன்று ஒலிபரப்பாகியது. அதில் அவன் குறும்பும் துணிவும் நிறைந்த நாயகனாகிவிட்டான். சிதர் இசை எஞ்சியது, பென்சிலின் மறைந்தது. வெகுசன ஊடகம் தன் பங்குக்கு இக்கதையை நீர்க்கச் செய்தது எனலாம்.

கிறீன் முதலில் எழுதிய கதைவடிவம், மயானப் பாதையில் அன்னாவும் மார்ட்டின்சும் ஒருங்கே நடந்து செல்வதாக முடிந்தது. றீட் அதை மறுத்தார். படத்தில் அன்னா நீண்ட பாதையில் நடந்து வந்து, காத்திருக்கும் மார்ட்டின்சைத் திரும்பியும் பாராது கடந்து போகிறாள். றீட் செய்ததே சரியெனக் கிறீன் பின்னர் ஒப்புக்கொண்டார். அம்முடிவின் வன்மையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். எவரும் அதிகம் எழுதாத வேறொன்று உண்டு. படம் ஒரு சவ அடக்கத்துடன் தொடங்கி மற்றொரு சவ அடக்கத்துடன் முடிகிறது; இரண்டும் ஹரி லைமின் பெயரால் நிகழ்வன. முதலாவதில் குழியினுள் இருந்தவன் ஹார்பின், இரண்டாவதில் லைம். வைத்தியசாலைக் கட்டில்களிற் கிடந்த குழந்தைகளிடம் படம் திரும்பிச் செல்வதில்லை. அவர்களுக்கு ஓர் அடக்கமும் காட்டப்படவில்லை.